கொல்லையில் ஓர் ஊற்று

அக்டோபர் 4, சனி

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உன் நலம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பொழுது சாய்ந்தால் உங்கள் கரைமேல் வரிசையாக விளக்கு எரிகிறது. நடக்கப் பாதை, உட்காரப் பெஞ்சு, கைப்பிடிச் சுவர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உன் அத்தான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கரையில் இருக்கிற எலி வளைக்குள் மண்ணைத் திணித்துக்கொண்டிருக்கிறார். கரைக்காவல் வேலை என்றால் மாதச் சம்பளமும் முழங்கால் வலியும் என்று அர்த்தம்.

போன வருஷம் உங்கள் கரையை ஓர் ஆள் உயரம் ஏற்றிக் கல் பதித்தார்கள். எங்கள் கரைக்கும் ஆட்கள் வந்தார்கள். அளந்துகொண்டு போனவர்கள் போனவர்கள்தான். டேப்பைக்கூட மறந்து வைத்துவிட்டார்கள். அதில்தான் இப்போது நான் துணி அளக்கிறேன்.

புயல் கரையைத் தொடாமல் கடலோடு விலகிப் போய்விட்டது என்று ரேடியோவில் சந்தோஷமாகச் சொன்னார்கள். மலைப்பக்கம் அது கொட்டிய மழை இப்போதுதான் ஆற்றில் இறங்கி வருகிறது. அளவுக் கம்பத்தில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. உங்கள் கரை உயரம், எங்கள் கரை தாழ்வு. நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. எங்கள் தெருவில் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள், "அந்தப் பக்கம் ஒடைஞ்சா நாம தப்பிச்சோம்" என்று. நான் அந்தப் பேச்சில் சேரவில்லை. சேராமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போனில் பேசவேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதுதான். அம்மா போன பிறகு தையல் மிஷின் யாருக்கு என்று போனில் நாம் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து குரைத்தது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பாலத்துப் பஸ் கண்டக்டர்தான் பாவம். "எடுத்துட்டுப் போறேன்மா, ஆனா உங்க சண்டையில என்னை இழுக்காதீங்க" என்கிறார்.

உன் பாப்பாவுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம், அந்த மிஷினில்தான்.

உன் அக்கா


அக்டோபர் 6, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டக்டர் கொடுத்த உன் கடிதம் நனைந்திருந்தது. அக்கா அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்று ஒரு நிமிடம் உருகிப்போனேன். பிரித்துப் படித்ததும் மழைதான் என்று புரிந்துவிட்டது.

எங்கள் கரையில் விளக்கு எரிந்தால் உனக்கு ஏன் எரிகிறது? நானா போய்க் கேட்டு உயர்த்தினேன்? சின்ன வயதில் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே, "அவ பக்கம் மட்டும்தான் காத்து வருது" என்று அம்மாவிடம் கோள் சொன்னவள் நீ. இன்றைக்கும் அதே பாட்டு. ஜன்னல் போய்க் கரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அந்த மிஷினில்தான்" என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறாய். பார்த்தேன். கடைசி ஒரு வருஷம் அம்மா உன்னோடு இருந்தாள். அவள் இருமலும் உனக்கு, பேச்சும் உனக்கு, மிஷினும் உனக்கு. நான் ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் மாதிரி ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனேன். அவளிடம் ஒரு பித்தான் தைக்கக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை, உனக்கு மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இதை இந்தக் கடிதத்தோடு விடுகிறேன். அடுத்த கடிதத்தில் மறுபடியும் எடுப்பேன்.

உனக்கு ஒரு செய்தி. கேட்டால் உனக்கு வயிறெரியும். எங்கள் கொல்லையில் ஊற்று வந்திருக்கிறது! எலுமிச்சை மரத்தடியில், தானாக. ஒருவரும் ஒரு மண்வெட்டி போடவில்லை. ஆறு சேறும் செடியுமாக ஓடுகிறது, இது கண்ணாடி மாதிரி கொப்பளித்துக்கொண்டு வருகிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. பாப்பா காகிதக் கப்பல் விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பக்கத்து வீட்டு டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிங்க?" என்று கேட்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

இவர் மருந்துக்கடையைப் பாதி நாள் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே சிமெண்ட் மேடை கட்டிக் குழாய் வைக்கப்போகிறாராம். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று போன மாதம் புலம்பினாயே. கேன் கொடுத்தனுப்பு, நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
சிட்டு


அக்டோபர் 8, புதன்

சிட்டு,

கேன் கொடுத்தனுப்பவா? உன் கருணைக்கு அளவே இல்லை. எங்கள் மஞ்சள் தண்ணீரே எங்களுக்குப் போதும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஒரே அம்மாவுக்குத்தானே பிறந்தோம்? உனக்கு மட்டும் முடி இடுப்புவரை வளர்ந்தது. பரீட்சைக்கு நீ படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை தேடிக்கொண்டு வந்தார். கரை உயர்ந்தது, விளக்கு வந்தது. இப்போது பூமியே வாயைத் திறந்து உனக்குத் தண்ணீர் கொடுக்கிறது. இன்னும் என்ன பாக்கி? காலையில் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து பாத்திரம் எல்லாம் என்னிடம் அடி வாங்குகிறது.

இதுவரை எழுதிவிட்டுச் சாப்பாடு போடப் போனேன். இனி எழுதுவது வேறு. மேலே இருப்பதைக் கிழித்தெறிய நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

அத்தான் கரையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டே உன்னைப் பற்றிப் புலம்பினேன். அது இந்த வீட்டில் ஊறுகாய் மாதிரி, தினமும் உண்டு. "அவளுக்கு வீட்டுக்குள்ளயே ஊத்து வருதாம். நமக்குக் கூரையில ஓட்டைதான் வருது" என்றேன். அவர் கை தட்டில் நின்றுவிட்டது.

"எந்த எடத்துல?"

"கொல்லையில. எலுமிச்ச மரத்தடியில."

"கரைக்குக் கிட்டத்துலயா?"

"மரத்துல ஏறினா கரையில எறங்கலாம். ஏன், உங்களுக்கும் பொறாமையா?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

ஆறு ஏறி நிற்கிறபோது கரைக்குப் பின்னால் கொப்பளிக்கிற தண்ணீர் ஊற்று இல்லையாம், சிட்டு. அது ஆறேதானாம். கரைக்கு அடியில் வழி தேடி உங்கள் கொல்லையில் வந்து தலையை நீட்டுகிறதாம். தெளிவாக வருகிறவரை பொறுத்துக்கொள்ளலாம். மணலைத் தூக்கிக்கொண்டு வந்தால், கரையின் அடிவயிற்றைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். அதைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை நிற்கவிட வேண்டும். நிற்கிற தண்ணீரின் பாரமே அதை அடக்குமாம். ஒருபோதும் மூடி அடைக்கக்கூடாது. அடைத்தால் நமக்குத் தெரியாத இடத்தில் கிளம்பும்.

அத்தான் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை முழுதாகக் கேட்டுவிட்டு, "சகலை, இது நீங்க சொல்றதா, அண்ணி சொல்லச் சொன்னதா?" என்று சிரித்தாராம். உங்கள் கரை அலுவலகத்துக்கும் சொல்லியிருக்கிறார். ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். கடலில் இன்னொரு புயல் உருவாகியிருக்கிறது. மேடை கட்டாதே.

அக்கா


அக்டோபர் 9, வியாழன்

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் மேல்பாதியைப் படித்தபோது எழுதியது நீதான் என்று தெரிந்தது. கீழ்ப்பாதியைப் படித்தபோதும் நீதான் என்று தெரிந்தது.

எவ்வளவு அழகாகச் செய்கிறாய்! முதலில் வயிறெரிகிறாய். எரிந்து முடிந்ததும் அது ஊற்றே இல்லை என்கிறாய். கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த பச்சைத் துணியை, "சாயம் போயிடும், பாத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கட்டவிடாமல் செய்தவள். அது இன்றுவரை சாயம் போகவில்லை. இந்த முறை அத்தானையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டாய். அவர் நல்லவர், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருக்கிற மனிதர் எதற்கும் தலையாட்டத்தான் செய்வார்.

மேடை நேற்றே கட்டியாயிற்று. சிமெண்ட் பலகையில் துளை போட்டுக் குழாய் இறக்கி, சுற்றிலும் நன்றாகப் பூசி, மேலே பித்தளைத் திருகு வைத்திருக்கிறார். ஒரு சொட்டு கசியவில்லை. நீ புகார் சொன்ன அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். "எங்கேம்மா கொப்பளிக்குது?" என்று கேட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்று சொல்லிப் போய்விட்டார். தெரு முன்னால் எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? சொந்த அக்காவே புகார் கொடுத்தாள் என்று டீச்சர் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்.

அம்மாவின் மிஷினை எடுத்துக்கொண்டாய். என் தண்ணீரையாவது விட்டுவை.

உன் தங்கை


அக்டோபர் 10, வெள்ளி, காலை

என் சிட்டு,

எனக்குப் பொறாமைதான். நீ எழுதியது அத்தனையும் சரி. பச்சைத் துணி, ஜன்னலோரம், எல்லாம். உன்மேல் பொறாமைப்படாத நாள் ஒன்று இருந்தால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் அடித்திருக்கும். அந்தப் பொறாமை மேல் ஆணையாகச் சொல்கிறேன், இது அது இல்லை.

மேடை கட்டியாயிற்று என்று படித்ததும் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "கொப்பளிச்சுட்டு இருந்தா வந்தவர் கண்ணுல பட்டிருக்கும். இப்ப எங்க போயிருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். மாப்பிள்ளையிடம் சொல்லிப் பலகையை உடைக்கச் சொல். முடியாவிட்டால் வீட்டைச் சுற்றிப் பார். அக்கம்பக்கத்தில், சாக்கடையோரம், எங்கேயாவது புதிதாக ஈரம் இருக்கிறதா, தண்ணீர் கலங்கி வருகிறதா? எனக்கு எழுது. அத்தான் அதை வைத்து மறுபடியும் அலுவலகத்தில் சொல்வார்.

அதைவிட, நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். நாளை சாயங்காலத்துக்குள் புயல் கரையேறும் என்கிறார்கள். நீ போன் எடுக்கமாட்டாய். உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்கமாட்டாய். அதனால்தான் கெஞ்சுகிறேன்.

அக்கா


அக்டோபர் 10, வெள்ளி, மாலை

அக்காவுக்கு,

காலையில் வந்த உன் கெஞ்சலைப் படித்து இவர் கொஞ்சம் ஆடிப்போனார். நான்தான் ஆடவில்லை.

புயல் வருகிறது, சரி. தாழ்ந்திருப்பது எந்தக் கரை? எலி வளை இருப்பது எந்தக் கரையில்? உயரக் கரையில் இருக்கிற நாங்கள் தாழ்ந்த கரைக்கு வந்து ஒளிந்துகொள்ள வேண்டுமாம். ஊர் கேட்டால் சிரிக்கும். முறையாகப் பார்த்தால் நீங்கள்தான் இங்கே வரவேண்டும். நீயாக வாய்விட்டு, "உன் வீட்டில் இடம் கொடு" என்று கேட்டால் கூடத்தில் பாய் விரிக்கிறேன். கேட்பாயா? உனக்கு நாக்கு எழாது.

ஈரத்தைப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன், பெருமையாகவே சொல்கிறேன், ஊற்று இன்னும் பெருகியிருக்கிறது. டீச்சர் வீட்டுப் பூச்செடிக்கு நடுவில் ஒன்று, தெருவோரத்தில் இரண்டு. ஒவ்வொன்றும் சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி குட்டி மணல் குவித்து வைத்திருக்கிறது. பாப்பா அதற்குக் கொடி நட்டு விளையாடுகிறாள். இப்போது டீச்சருக்கும் ஊற்று வந்துவிட்டதால் அவர் வாய் அடைத்துவிட்டது. எங்கள் குழாயில் மட்டும் இன்று கொஞ்சம் கலங்கலாக வருகிறது. புதுக் குழாய் அல்லவா, ஓட ஓடச் சரியாகிவிடும்.

பாப்பா பெரியம்மாவைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். என்னைக் கேட்டால் அவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. பெரியம்மா தைத்த சட்டை, பெரியம்மா சொன்ன கதை. அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

உன் தங்கை


அக்டோபர் 11, சனி, காலை

தங்கைக்கு,

இனி உன்னைக் கூப்பிடப்போவதில்லை. நீ சொன்னபடி உன் கரை உசத்தி, உன் தண்ணீர் உசத்தி. சந்தோஷமாக இரு.

ஒரு தகவல் மட்டும். அம்மாவின் மிஷினை என் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். நீ கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறாய். உனக்குக் கொடுப்பதைவிட அவளுக்குக் கொடுப்பதில் எனக்கு மனநிறைவு அதிகம். நேற்றே வந்து பார்த்தாள். அம்மா கால் வைத்து மிதிக்கிற பலகையைத் தட்டிப் பார்த்து, "பழசுதான், கழட்டி வித்தா இரும்புக்காவது ஆகும்" என்றாள். இன்று மதியம் வண்டியோடு வருகிறாள்.

பாப்பாவுக்குத் தைத்த சட்டை அவள் மகளுக்கு அளவாக இருக்கிறது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றினாள். அதையும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், பாப்பா நேரில் வந்து போட்டுப் பார்த்தால் ஒழிய.

உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் மதியத்துக்குள் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். மிஷின் வேண்டுமென்றால் தூக்க ஆம்பிளையோடு வா, அது உன்னால் அசையாது. மதியத்துக்குப் பிறகு பாலத்தை மூடப்போகிறார்கள். பிறகு என்னைக் குற்றம் சொல்லாதே.

அக்கா


அதே நாள், பஸ் நிறுத்தத்தில்

அவள் கை அதன்மேல் பட்டால் உடைத்துவிடுவேன். கடை, வீடு எல்லாம் அப்படியே போட்டுவிட்டு இவரையும் பாப்பாவையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். இதை முதலில் போகிற கண்டக்டரிடம் கொடுக்கிறேன். நாத்தனாரிடம் காட்டு.


அக்டோபர் 30, வியாழன்

அன்புள்ள சிட்டுவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. நீங்கள் தங்கியிருக்கிற பள்ளிக்கூட முகாமில் உன் கையிலேயே கொடுத்ததாகக் கண்டக்டர் சொல்கிறார். "வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லல" என்றார்.

அன்று நடந்தது எதையும் நாம் பேசிக்கொள்ளவில்லை. நாலு நாள் என் வீட்டில் இருந்தாய், உப்பு எங்கே என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து, "எங்க அவ?" என்றாய். வருவாள் என்றேன். மிஷின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். மதியம் ஆயிற்று, பாலத்தை மூடினார்கள். "எங்க உன் நாத்தனார்?" என்று மறுபடியும் கேட்டாய். மழை அல்லவா, வருவாள் என்றேன். பாப்பா புதுச் சட்டையோடு தூங்கிவிட்டாள். உனக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியும். காற்று ஏறி ஓடு படபடத்தபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உன் பக்கம் திரும்பாமல் பாத்திரம் தேய்த்தேன்.

அதற்குள் அத்தான் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய், போனில் உங்கள் கரை அலுவலகத்துக்கு வரி வரியாகப் படித்துக் காட்டியிருந்தார். டீச்சர் வீட்டுப் பூச்செடி, தெருவோரம் இரண்டு, எறும்புப் புற்று மாதிரி மணல். மணல் என்றதும் தெருப் பேரைத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார்களாம். பொழுது சாய்வதற்குள் உங்கள் தெருவைக் காலி செய்தார்கள். நீ என்னைக் கடுப்பேற்ற எழுதினாய். அதனால் டீச்சர் உயிரோடு இருக்கிறார். உன்னைத் தெருவோடு சேர்த்துக் கிளப்பியிருக்க முடியாது. அக்கா சொன்னதால்தான் இத்தனையும் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாய். அதனால் பொய் சொன்னேன்.

அடுத்ததை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. சாயங்காலம் கரையில் எல்லோரோடும் நின்றோம். தண்ணீர் எங்கள் கரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. நீ என் கையைப் பிடித்திருந்தாய். திடீரென்று அளவுக் கம்பத்தில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. தெருவே கூச்சல் போட்டது, கை தட்டினார்கள். ஏன் இறங்குகிறது என்று உனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் வீடு தப்பித்தது என்று எனக்குள் ஒன்று துள்ளியது, சிட்டு. உன் கை என் கைக்குள் இருக்கும்போதே துள்ளியது. நீ கையை எடுத்துக்கொண்டாய்.

இத்தனை வருஷமும் உன்னிடம் இருந்ததெல்லாம் எனக்கு வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். உன்னிடம் இல்லாமல் போகவேண்டும் என்று நினைத்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மிஷினைத் துடைத்து, துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது. பஸ் மேலே ஏற்றி அனுப்புகிறேன். இந்த முறை பொய் இல்லை.

உன் அக்கா


நவம்பர் 12, புதன்

அக்காவுக்கு,

கோபத்தில்தான் பதில் போடவில்லை. ஆனால் நீ நினைக்கிற கோபம் இல்லை.

உன் வீட்டில் இருந்த நாலு நாளும் எனக்கு உன் சுவரைப் பார்க்க முடியவில்லை. காரை பெயர்ந்த சுவர், நிற்கிறது. உன் மஞ்சள் தண்ணீர், குழாயைத் திறந்தால் வருகிறது. உன் டம்ளர் அதே ஆணியில், உன் சீப்பு அதே மாடத்தில். மாற்றிக்கொள்ள உன் துணியை எடுத்துக் கொடுத்தாயே, அப்போது உன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ராத்திரி பகலாக எனக்குள் எரிந்தது. இத்தனை வருஷமும் நீ இதை வைத்துக்கொண்டா எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாய், சாப்பாடு போட்டாய்? எப்படி அக்கா தூங்கினாய்?

நீ துள்ளியதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் கையை எடுத்தேன். ஆனால் அன்றைக்கு உங்கள் கரை உடைந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று முகாமில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து விளக்கு வெளிச்சத்தில் வேடிக்கை பார்த்திருப்பேன். முதலில் துள்ளியிருப்பேன், அப்புறம்தான் உன் ஞாபகம் வந்திருக்கும். நீயாவது துள்ளுவதற்கு முன்னால் என்னை வரவழைத்துவிட்டாய்.

போன வாரம் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் குளம் நிற்கிறது. எலுமிச்சை மரம் இல்லை, கரையே அந்த இடத்தில் இல்லை. இவர் நடந்துகொண்டே போனார். வயலுக்கு நடுவில் சிமெண்ட் பலகை குழாயோடு கிடந்தது. குனிந்து திருகைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். "கசியவே இல்ல, பாரு" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மூட்டை அடுக்கியிருந்தால் நின்றிருக்குமோ என்று தினமும் கேட்கிறார். அத்தானிடம் சொல், நேரில் பார்க்கும்போது அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று.

நேற்று முகாமில் போர்வை வாங்க நின்றபோது, உன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உன் நாத்தனாரைப் பார்த்தேன். துணிமணி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஷினைப் பற்றிக் கேட்டேன். "மிஷினா? எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதே" என்றாள். அவளுக்கு மகளே இல்லையாம், இரண்டும் பையன்களாம். உன் பொய்க்கு ஓர் அளவு வேண்டாமா? கண்ணாடி முன்னால் சுற்றினாளாம்! நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடியை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாய். பாப்பா கல்யாணத்தில் சொல்வாய், கிழவியானாலும் சொல்வாய். தங்கையைக் காப்பாற்றிய அக்கா என்று பேர் வாங்கிவிட்டாய். அதுவும் உனக்கே போய்விட்டது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மிஷினை அனுப்பாதே. வீடும் போய், ஒரு மூலையில் மிஷின் மட்டும் வந்து உட்கார்ந்தால், நீ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று தினமும் என்னைப் பார்த்துச் சொல்லும். அதைவிட அது உன்னிடம் இருந்து, நான் கேட்டுக்கொண்டே இருப்பது நல்லது.

எங்களுக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலுக்குத் திரை இல்லை, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். நூல் கோப்பதிலிருந்து நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டியதை அவிழ்த்து, எண்ணெய் போட்டு, மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு வை. நான் உட்கார்ந்து தைக்கிறேன். நீ பக்கத்தில் நின்று வயிறெரி.

சிட்டு